அம்புக்குறியின் மறுமுனையிலிருந்து: விக்கித்தரவு வினவல் சேவை ஒரு மதிப்பீடு

விக்கித்தரவு என்பது விக்கிப்பீடியாவோடு சேர்ந்த திறந்த தரவுத்தளம், அதில் ஒவ்வொரு ஆளுக்கும் ஊருக்கும் கருத்துக்கும் உருப்படி என்ற ஒரு பக்கம் உண்டு, அந்தத் தரவைக் கேள்வி கேட்கும் கருவிதான் விக்கித்தரவு வினவல் சேவை. அதை எந்த வேலைக்காக எடுத்தாலும் சீக்கிரமே ஒரு கேள்வியில் வந்து நிற்போம்: இந்த உருப்படியைச் சுட்டுகிற மற்ற உருப்படிகள் எவை? ஒருவர் எந்த ஊரில் பிறந்தார் என்று தெரிய வேண்டுமென்றால் அவர் பக்கத்தைத் திறந்தாலே போதும், வினவல் மொழி எதுவும் வேண்டாம். ஆனால் அந்த ஊரில் பிறந்தவர்கள் யார் யார் என்பதற்கு ஊரின் பக்கத்தில் பதில் கிடையாது, அப்படி ஒரு பட்டியலை அங்கே வைப்பதும் இல்லை. பிறந்த இடம் என்கிற பண்பு ஆளிலிருந்து ஊருக்குத்தான் போகிறது, ஊரிலிருந்து ஆளுக்கு வரவில்லை. அதனால் இந்தச் சேவையை நான் ஒரே ஒரு வேலையை வைத்துத்தான் அளக்கப் போகிறேன்: உறவை எதிர்த்திசையில் பிடித்துப் போவது. அந்த வேலையில் இது அபாரமான சேவை, காசு இல்லை, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, எல்லோருக்கும் திறந்திருக்கிறது. குறை என்றால் இரண்டு. பெரிய கேள்விகளில் மூச்சு வாங்குகிறது. அதைவிட முக்கியமாக, பதில் பாதிதான் வந்திருக்கிறது என்பதை அது நமக்குச் சொல்வதே இல்லை.

முதலில் இது எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். இணைந்த தரவு வரைபடத்தில் ஒவ்வொரு செய்தியும் மூன்று துண்டு: எதைப் பற்றி, என்ன உறவு, எதோடு. ட்ரிபிள் என்பார்கள். ஹைசன்பர்க், முனைவர் பட்ட வழிகாட்டி, சொம்மர்ஃபெல்ட் என்றால் அம்பு ஹைசன்பர்க்கிடமிருந்து கிளம்பி சொம்மர்ஃபெல்டில் போய் முடிகிறது. செய்தி எழுதப்பட்டிருப்பது ஹைசன்பர்க்கின் பக்கத்தில். சொம்மர்ஃபெல்டின் மாணவர்கள் யார் என்று கேட்க நினைத்தால், இந்தச் சேவையின் வினவல் மொழியான ஸ்பார்க்கிளில் இரண்டு வழி உண்டு. முதல் இடத்தில் கேள்விக்குறி போட்ட மாறியை வைத்து மூன்றாம் இடத்தில் சொம்மர்ஃபெல்டை எழுதலாம், அவ்வளவுதான், இதற்குத் தனி வசதி எதுவும் தேவையில்லை. அல்லது சொம்மர்ஃபெல்டிலிருந்தே தொடங்கி, பண்புக்கு முன்னால் ^ குறியைப் போட்டு அம்பைத் திருப்பலாம். இரண்டும் ஒரே பதிலைத் தரும். ^ குறி 2013 மார்ச்சில் ஸ்பார்க்கிள் 1.1 தரநிலையானபோது வந்த பண்புப் பாதை வசதிகளில் ஒன்று, / (அடுத்த படி), * (பூஜ்யம் அல்லது அதற்கு மேற்பட்ட முறை), + (ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை), | (அல்லது) எல்லாம் அதோடு சேர்ந்து வந்தவை.

ஒரே விடைதான் என்றால் ^ எதற்கு? ஒரு படி மட்டும் போவதற்கு அதில் பெரிய லாபம் இல்லை என்பது உண்மை. சங்கிலியாகப் போகும்போதுதான் அதன் அருமை தெரியும். கணிதவியலாளர் லிண்டமனின் மாணவர்கள் ஹில்பர்ட், மின்கோவ்ஸ்கி, சொம்மர்ஃபெல்ட். சொம்மர்ஃபெல்டின் மாணவர்கள் ஹைசன்பர்க், பாலி, டிபை, பெத்தே. ஹில்பர்ட் பக்கம் போனால் வைல், கூரான்ட். லிண்டமனை முதலில் வைத்து, ^வழிகாட்டி/^வழிகாட்டி என்று இரண்டு முறை எழுதினால் பேர மாணவர்கள் எல்லோரும் ஒரே வரியில் வந்துவிடுகிறார்கள், நடுவில் இருப்பவர்களுக்கு மாறிப் பெயர் வைக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. ஒரே ஒரு ^வழிகாட்டி எழுதி அதன் கடைசியில் + போட்டால் எத்தனை தலைமுறை இருந்தாலும் முழு வம்சமும் கிடைக்கும். நாம் "லிண்டமனிடமிருந்து யாருக்குப் போனது" என்றுதான் யோசிக்கிறோம், வினவலும் இடமிருந்து வலமாக அதே ஒழுங்கில் போகிறது. எழுதிய வினவலை ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்க்கும்போது இது எவ்வளவு பெரிய உதவி என்று புரியும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஒரு பாதை முழுவதையும் அடைப்புக்குள் போட்டு வெளியே ^ வைத்தால் ஒவ்வொரு படியும் திரும்புவதோடு படிகளின் வரிசையும் திரும்பிவிடும், அதாவது ^(அ/ஆ) என்பது ^ஆ/^அ. இதை மறந்து அடைப்பைப் பிரித்து எழுதினால் பிழைச் செய்தி வராது, பெரும்பாலும் வெற்று அட்டவணை வரும்.

வேகத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது, எதிர்த்திசை என்றால் கணினி எல்லாவற்றையும் துழாவ வேண்டியிருக்கும், அதனால் மெதுவாக இருக்கும் என்று. அப்படி இல்லை. இந்தச் சேவை 2015 செப்டம்பரில் வெளிவந்ததிலிருந்து ப்ளேஸ்கிராஃப் என்ற தரவுத்தளத்தின் மேல் ஓடிக்கொண்டிருக்கிறது, அது ஒவ்வொரு ட்ரிபிளையும் மூன்று வரிசைகளில் அட்டவணைப்படுத்தி வைக்கிறது: எழுவாயிலிருந்து தொடங்கும் வரிசை ஒன்று, பண்பிலிருந்து மதிப்புக்குப் போகும் வரிசை ஒன்று, மதிப்பிலிருந்து தொடங்கும் வரிசை ஒன்று. பண்பும் மதிப்பும் தெரிந்து எழுவாய் தெரியாதபோது அதற்கேற்ற அட்டவணை தயாராகவே இருக்கிறது. முன்னோக்கிக் கேட்பதற்கும் பின்னோக்கிக் கேட்பதற்கும் தேடும் முறையில் வித்தியாசமே இல்லை.

வித்தியாசம் வருவது எண்ணிக்கையில். ஒருவருக்குப் பிறந்த இடம் ஒன்றுதான் இருக்கும், ஏதாவது சர்ச்சை இருந்தால் இரண்டு. திருப்பினால் ஒரு பெருநகரத்துக்கு ஆயிரக்கணக்கில். "இது ஒரு மனிதர்" என்ற கூற்றைத் திருப்பினால் ஒரு கோடிக்கும் மேல். அதோடு நாலைந்து நிபந்தனைகளைச் சேர்த்து, பெயர்களையும் வாங்கி, வரிசைப்படுத்தித் தரச் சொன்னால் 60 விநாடி வரம்பு முடிந்து வினவல் அறுந்துபோகும். இந்த 60 விநாடிதான் சேவையின் கடுமையான சுவர், அதில் மோதாமல் வேலை செய்யப் பழகுவதுதான் பாதிப் பயிற்சி. என் பழக்கம் என்னவென்றால், பட்டியலைக் கேட்பதற்கு முன் வெறும் எண்ணிக்கையைக் கேட்பது. ஒற்றை ட்ரிபிளுக்கு எண்ணிக்கை மட்டும் கேட்டால் அட்டவணையிலிருந்தே கணக்கிட்டு உடனே சொல்லிவிடுகிறது. சில ஆயிரம் என்றால் கவலைப்படாமல் போகலாம், பத்து லட்சம் என்றால் வேறு நிபந்தனையிலிருந்து தொடங்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

* அல்லது + போட்ட நீண்ட பாதைகளில் இன்னொரு சிக்கல். ஒரு வகையும் அதன் உள்வகைகளும் சேர்த்துக் கேட்கும்போது, கீழிருந்து மேலே ஏறுவதா மேலிருந்து கீழே இறங்குவதா என்பதை நாம் எழுதிய திசையைப் பார்த்து அது முடிவு செய்வதில்லை, தானாக ஒரு கணிப்புப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறது. கணிப்புத் தவறினால் ஐந்து விநாடியில் முடிய வேண்டியது அறுந்துபோகும். அதற்கு கியரிங் என்ற குறிப்பு ஒன்று இருக்கிறது, அந்தப் பாதைக்கு அடுத்த வரியில் அதை முன் திசை அல்லது பின் திசை என்று கொடுத்தால் எந்த முனையிலிருந்து நடக்க வேண்டும் என்று நாமே சொல்லிவிடலாம். உதவிப் பக்கங்களில் உள்ளே புதைந்து கிடக்கும் இந்த விஷயம் வினவல் எழுதும் தொகுப்பியின் முகப்பிலேயே இருந்திருக்க வேண்டும் என்பது என் திடமான கருத்து. பின்னோக்கி அதிகம் வேலை செய்பவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள ஒரு வரி கிடையாது.

ஏறி இறங்கும் பாதைகள் தனி அழகு. உடன்பிறந்தவர்களைக் கண்டுபிடிக்க, தாய்/^தாய் என்று எழுதினால் போதும், தாயிடம் ஏறி அவரையே தாயாகக் கொண்ட எல்லோரிடமும் இறங்கும். கார்ல் ஃபிலிப் இமானுவேல் பாக்கை வைத்து இதை ஓட்டிப் பாருங்கள், நன்றாகப் புரியும். அவர் தந்தை செபாஸ்டியன் பாக்குக்கு இரண்டு திருமணங்களில் மொத்தம் 20 பிள்ளைகள், மரியா பார்பரா மூலம் 7, அன்னா மாக்டலேனா மூலம் 13. தாய் வழியாக ஏறி இறங்கினால் வில்ஹெல்ம் ஃப்ரீடமன் வருவார், யோஹான் கிறிஸ்டியன் வரமாட்டார், ஏனென்றால் அவர் இரண்டாம் மனைவியின் மகன். தந்தை வழியாகப் போனால் இருவரும் வருவார்கள். இரண்டு வழியையும் | போட்டு இணைத்தால் ஃப்ரீடமன் இரண்டு முறை வருவார், அதனால் இரட்டைகளை நீக்கும் டிஸ்டிங்ட் போட வேண்டும். அப்புறம் எந்த வழியில் போனாலும் பட்டியலில் கார்ல் ஃபிலிப்பும் தன் சொந்த உடன்பிறப்பாக வந்து உட்கார்ந்திருப்பார், இறங்கும்போது அவர் வழியாகவும் இறங்கலாம் அல்லவா, அவரை ஃபில்டர் போட்டு நீக்க வேண்டும். * மற்றும் + போட்ட பாதைகள் இரட்டைப் பதிவுகளைத் தானே களைந்துவிடும், / மற்றும் | களைவதில்லை. எண்ணிக்கை எடுப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் விட்டால் கணக்கு ஊதிப்போகும்.

சரி, இனி என் முக்கியமான மனத்தாங்கலுக்கு வருகிறேன்.

விக்கித்தரவில் சில உறவுகளுக்கு எதிர் உறவும் தனிப் பண்பாக இருக்கிறது. ஒவ்வொரு பண்புக்கும் பி என்று தொடங்கும் ஓர் எண் உண்டு: வழிகாட்டி என்பது பி184, முனைவர் பட்ட மாணவர் என்பது பி185. தந்தை பி22, தாய் பி25, அதற்கு எதிராகப் பிள்ளை பி40. ஒன்றின் பகுதி என்பதற்கு எதிராக, பகுதிகளைக் கொண்டது. ஒன்றை எழுதினால் மற்றது தானாக எழுதப்படும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி நடப்பதில்லை. மனிதர்களோ தானியங்கிகளோ இரண்டு பக்கத்திலும் தனித்தனியாக எழுதினால்தான் உண்டு. வினவல் சேவையும் எந்த ஊகமும் செய்வதில்லை, பி184-இன் எதிர் பி185 என்று பண்பின் பக்கத்திலேயே, எதிர் பண்பைக் குறிக்கும் பி1696 கொண்டு தெளிவாகப் பதிந்திருந்தாலும் அதைக் கண்டுகொள்வதில்லை. ஆக பி185-ஐ மட்டும் முன்னோக்கிக் கேட்டால் ஒரு பட்டியல், பி184-ஐப் பின்னோக்கிக் கேட்டால் வேறு பட்டியல். இரண்டுமே நம்பத்தகுந்தவையாகத் தெரியும். இரண்டுமே முழுமை இல்லாமல் இருக்கலாம்.

இதற்கு மருந்து எளிது, ஆனால் தெரிந்தவர்களுக்கு மட்டுமே எளிது. பிள்ளைகளைக் கேட்கும்போது பி40 | ^பி22 | ^பி25 என்று மூன்றையும் சேர்த்தே எழுதிவிட வேண்டும், டிஸ்டிங்ட் கூடவே. எதிர் பண்பு இருக்கிற எந்த உறவுக்கும் இதையே வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். இந்தக் குறையை வைத்தே நல்ல காரியம் ஒன்றும் செய்யலாம்: பெற்றோர் பக்கத்தில் பிள்ளை என்று இருக்கிறது, பிள்ளை பக்கத்தில் பெற்றோர் இல்லை, அப்படிப்பட்ட ஜோடிகளை, இல்லாததைக் கேட்கும் நாட் எக்ஸிஸ்ட்ஸ் போட்டு வடிகட்டி எடுத்து, சான்று பார்த்து நிரப்பலாம். சின்னச் சின்னத் துறைகளில் இதைப் பொறுமையாகச் செய்பவர்கள் தரவுக்குச் செய்யும் உபகாரம் பெரிது.

அடுத்த பொறி, ரேங்க், அதாவது ஒவ்வொரு கூற்றுக்கும் முன்னுரிமை, சாதாரணம், கைவிடப்பட்டது என்று கொடுக்கும் தரம். வினவலில் பண்பு எண்ணுக்கு முன்னால் போடும், நேரடிப் பண்புகளுக்கான டபிள்யூடிடி (wdt:) முன்னொட்டு சிறந்த ரேங்க் உள்ள கூற்றுகளை மட்டும் தருகிறது. ஒரு நகரத்துக்கு நாடு என்று ரஷ்யாவையும் சோவியத் ஒன்றியத்தையும் பதிந்து, ரஷ்யாவுக்கு முன்னுரிமை ரேங்க் கொடுத்திருந்தால், அந்த நகரத்திலிருந்து முன்னோக்கிப் பார்க்கும்போது ரஷ்யா வரும், அது சரிதான், நமக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் சோவியத் ஒன்றியத்திலிருந்து பின்னோக்கிக் கேட்கும்போது அந்த நகரமே கிடைக்காது. மறைந்த நாடுகள், கலைந்த அமைப்புகள், முன்னாள் பதவிகள், எதுவானாலும் இதே கதை, வரலாறு சம்பந்தப்பட்ட பின்னோக்கிய வினவல்கள் பலவும் இதில்தான் விழுகின்றன. வழி என்னவென்றால், உருப்படிக்கும் மதிப்புக்கும் நடுவில் ஒவ்வொரு கூற்றுக்கும் இருக்கும் கூற்று முனை வழியாகத் திரும்புவது: ^பிஎஸ் (ps:) முன்னொட்டில் நாடு, அதற்கு அடுத்து / போட்டு ^பி (p:) முன்னொட்டில் நாடு. இரண்டு படியும் தலைகீழ். இப்படிப் போனால் எல்லா ரேங்கும் வரும், கைவிடப்பட்ட கூற்றுகள்கூட வரும் என்பதால் அவற்றை நீக்க ஒரு வரி சேர்க்க வேண்டும். நடுவில் நிற்கும் கூற்று முனையைப் பெயரிட்டுப் பிடித்துக்கொண்டால் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி எல்லாமும் கையில் வரும்.

2025 மே மாதத்தில் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. தரவு பெருகிக்கொண்டே போனதைப் பழைய ப்ளேஸ்கிராஃப் தாங்காது என்பதால் வரைபடத்தை இரண்டாகப் பிரித்தார்கள், கோடிக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் ஒரு பக்கம், மற்ற எல்லாம் முதன்மை வரைபடம் என்று. பின்னோக்கிப் போகிறவர்களைத்தான் இது நேராகத் தாக்கியது. நூலாசிரியர் என்ற அம்பு கட்டுரையிலிருந்து ஆளுக்குப் போகிறது என்பதால் அது கட்டுரையோடு சேர்ந்து அந்தப் பக்கம் போய்விட்டது. ஆளோ முதன்மை வரைபடத்தில் இருக்கிறார். ஒரு விஞ்ஞானியை வைத்து முதன்மைச் சேவையில் ^ஆசிரியர் என்று கேட்டால் அவர் எழுதிய புத்தகங்கள் வரும், கட்டுரைகள் வராது, எந்த எச்சரிக்கையும் வராது. கட்டுரைப் பக்கத்துக்கான சேவையை சர்வீஸ் வரி மூலம் உள்ளே அழைத்து இரண்டையும் இணைக்க வேண்டும். இணைக்கலாம், வேலை செய்கிறது, ஆனால் முன்பு ஒரே வரியில் முடிந்தது இப்போது முடிவதில்லை. பிரித்ததற்கான காரணம் எனக்கு முழுவதும் ஏற்புடையதே, சேவை அடியோடு நின்றுபோவதைவிட இது மேல். வெற்றுப் பதிலோடு "மறுபக்கத்திலும் தேடிப் பாருங்கள்" என்று ஒரு வரி காட்டியிருந்தால் எத்தனையோ பேருக்கு உதவியிருக்கும்.

கட்டுரைகள் விஷயத்தில் இன்னொன்று. பல கட்டுரைகளில் ஆசிரியர் பெயர் வெறும் எழுத்துச் சரமாகத்தான் இருக்கிறது, பி2093 என்ற பண்பில். சரத்திலிருந்து ஆளுக்கு அம்பு இல்லை, ஆளிடமிருந்து திரும்பி வரவும் வழி இல்லை. ஒருவரின் கட்டுரைப் பட்டியல் குறைவாகத் தெரிந்தால் பெரும்பாலும் காரணம் இதுவாக இருக்கும். அதற்காகச் சரங்களைத் திருப்பவே முடியாது என்று நினைக்க வேண்டாம். நூலகங்கள் ஆசிரியர்களை அடையாளம் காணப் பயன்படுத்தும் வயாஃப் போன்ற அடையாள எண் கையில் இருந்தால் அந்த எண்ணை மூன்றாம் இடத்தில் வைத்து எந்த உருப்படிக்கு உரியது என்று நொடியில் கண்டுபிடிக்கலாம், நூலக வேலை செய்பவர்களுக்கு இது தினசரித் தேவை.

சில உறவுகள் நாம் நினைப்பதற்கு நேர்மாறான திசையில் சேமிக்கப்பட்டிருக்கின்றன, அவற்றைத் தெரிந்து வைத்துக்கொண்டால் நிறையத் தலைவலி மிச்சம். ஒரு உருப்படிக்கு எந்தெந்த மொழி விக்கிப்பீடியாவில் கட்டுரை இருக்கிறது என்பது உருப்படியிலிருந்து கிளம்பும் அம்பு இல்லை, கட்டுரையிலிருந்து உருப்படிக்கு வரும் ஸ்கீமா அபவுட் என்ற அம்பு, அதனால் எப்போதும் திருப்பித்தான் பிடிக்க வேண்டும். வினவலில் வரும் பண்பின் பெயரைத் தெரிந்துகொள்வதும் அப்படித்தான். பண்பு உருப்படியிலிருந்து டைரக்ட் க்ளெய்ம் என்ற அம்பு நேரடிப் பண்புக்குப் போகிறது, ஆக முன்னொட்டோடு கிடைத்த ஒரு முகவரியிலிருந்து அதன் பெயருக்குப் போக அந்த அம்பின் மேல் பின்னோக்கி நடக்க வேண்டும். ஒரு உருப்படியை எந்தெந்தப் பண்புகள் சுட்டுகின்றன, ஒவ்வொன்றும் எத்தனை முறை என்று கேட்கும் வினவலை இதை வைத்துத்தான் எழுத முடியும். புதிதாக ஒரு துறைக்குள் நுழையும்போது நான் முதலில் ஓட்டுவது இந்த வினவலைத்தான், எந்தத் திசையில் சரக்கு இருக்கிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

இடைமுகம் பற்றிச் சுருக்கமாக. தொகுப்பியில் கண்ட்ரோலும் ஸ்பேஸும் அழுத்தினால் பண்பின் பெயரைத் தட்டி எண்ணைப் பெறலாம், மிக நன்றாக வேலை செய்கிறது. முடிவுகளை அட்டவணை, வரைபடம், நிலப்படம், காலக்கோடு என்று மாற்றிப் பார்க்கலாம். பெயர்களைத் தரும் லேபிள் சேவைக்குத் தமிழை முதல் மொழியாகக் கொடுங்கள், தமிழ்ப் பெயர் இல்லாதவற்றுக்கு அடுத்த மொழி வரும், அடுத்ததும் கொடுக்காவிட்டால் உருப்படியின் வெறும் க்யூ எண்தான் மிஞ்சும். முடிவு பெரிதாக இருந்தால் முதலில் உள்வினவலில் சுருக்கிவிட்டுப் பிறகு பெயரைக் கேளுங்கள். குறியீடு எழுத விரும்பாதவர்களுக்கு வினவல் கட்டமைப்பான் இருக்கிறது, இந்தப் பண்பில் இந்த மதிப்பு உள்ளவை எவை என்ற ஒரு படித் தேடலுக்குத் தாராளமாகப் போதும், அங்கிருந்து இன்னொரு படி போக முடியாது. ஒரே ஒரு உருப்படியை எவை சுட்டுகின்றன என்று மட்டும் பார்க்க, பக்கத்தின் ஓரத்தில் இருக்கும் "இப்பக்கத்தை இணைத்தவை" இணைப்பும் உண்டு, என்ன உறவில் இணைத்திருக்கிறது என்பதை அது சொல்லாது.

மாற்று வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு பெயர். விக்கிப்பீடியாவிலிருந்து தரவைப் பிரித்தெடுத்துத் தரும் டிபிபீடியா ஒரு விஷயத்தில் இன்றைக்கும் முன்னால் நிற்கிறது: அதன் உருப்படிப் பக்கத்தைத் திறந்தால் உள்ளே வரும் அம்புகளையும் சேர்த்தே அடுக்கிக் காட்டுகிறது, எந்தப் பண்பில் எவையெல்லாம் இதைச் சுட்டுகின்றன என்று, வினவல் எழுதாமலேயே. அதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு விக்கித்தரவுப் பக்கம் பாதி மூடிய மாதிரி இருக்கும். ஆனால் அதன் பொது வினவல் முகவரி ஒரு தடவைக்கு 10,000 வரிகளோடு நிறுத்திவிடும். இன்னொன்று ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் உருவான க்யூலீவர் என்ற வினவல் இயந்திரம். விக்கித்தரவின் பெரும் பின்னோக்கிய வினவல்கள், அதாவது லட்சக்கணக்கில் உள்ளே வரும் அம்புகளைக் குவித்துக் கணக்குப் போடுவது மாதிரியானவை, அதில் மிகச் சுலபமாக ஓடுகின்றன. லேபிள் சேவையை நம்பி எழுதிய வினவலை மட்டும் கொஞ்சம் மாற்றி எழுத வேண்டியிருக்கும். 60 விநாடிச் சுவரில் இரண்டு முறை மோதிவிட்டால் மூன்றாவது முறை மெனக்கெடாமல் அங்கே போய்விடுங்கள்.

விக்கித்தரவுச் சேவையை நடத்துபவர்களிடம் நான் கேட்பது மூன்றே விஷயம்தான், இதில் எதற்கும் புதுத் தரவுத்தளம் வேண்டியதில்லை. எதிர் பண்பு உள்ள ஒரு பண்பைத் தொகுப்பியில் தட்டும்போது, பி1696-ஐப் பார்த்து, "இதையும் திருப்பிச் சேர்க்கட்டுமா" என்று ஒரு பொத்தான். பின்னோக்கிய பாதையில் ஆசிரியர் பண்பு வந்தால் மறுபக்க வரைபடத்தை நினைவூட்டும் வரி. கியரிங் குறிப்பை நுழைக்க ஒரு பொத்தான். உருப்படிகளை ஒவ்வொன்றாகத் திறந்து படிப்பவர்களுக்கு இப்போதே எல்லாம் நன்றாக இருக்கிறது. ஒரு ஆசிரியரிலிருந்து அவர் மாணவர்களுக்கு, ஒரு ஊரிலிருந்து அங்கே பிறந்தவர்களுக்கு, ஒரு கருத்திலிருந்து அதைப் பேசும் கட்டுரைகளுக்குப் போக நினைப்பவர்கள்தான் இந்தச் சேவையை வினவல் மொழி கற்றுக்கொண்டு வந்து பயன்படுத்துகிறார்கள், இந்த மூன்றும் அவர்களுக்குத் தேவை.